செம்பில் பதிந்த வீடுகளும் மதராசி கேம்ப்பும்

புது தில்லி: ஜங்புரா பகுதியில் பாராபுல்லா ஓடையின் கரையில் சுமார் அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்து வந்த மதராசி கேம்ப், 2025 ஜூன் 1-ஆம் தேதி இடிக்கப்பட்டது. மழைக்காலத்தில் ஓடை அடைபட்டு நீர் தேங்குவதைக் காரணம் காட்டி, தில்லி உயர் நீதிமன்றம் அதே ஆண்டு மே 9-ஆம் தேதி பிறப்பித்த உத்தரவின்படி இந்த நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டது. ஏறத்தாழ 370 வீடுகள் இருந்த அந்தக் குடியிருப்பில், மாற்று வீடு பெறத் தகுதியுடையவை என உத்தரவின்போது இனங்காணப்பட்டவை 189. பின்னர் இந்த எண்ணிக்கை சற்றுக் கூடியபோதிலும், பல குடும்பங்கள் பட்டியலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டன. தகுதி பெற்றவர்களுக்கு ஒதுக்கப்பட்ட அடுக்குமாடி வீடுகள், சுமார் 40 கி.மீ. தொலைவில் தில்லியின் வட எல்லையில் உள்ள நரேலாவில் இருக்கின்றன.

இந்தச் செய்தி அன்றைய நாளிதழ்களில் நீதிமன்றச் செய்தியாகவும், நகராட்சிச் செய்தியாகவும், சில நாள்களுக்கு அரசியல் செய்தியாகவும் இடம்பெற்றது. இதைக் கலைச் செய்தியாக எவரும் கருதவில்லை. ஆனால், வீட்டை இழந்தவர்கள் அந்த வீட்டை எதில் பதிந்து வைத்துக்கொள்வது என்ற கேள்விக்கு, மதராசி கேம்ப் இருந்த இடத்திலிருந்து சில கிலோமீட்டர் சுற்றளவுக்குள்ளேயே நவீன ஓவியர்கள் பல்லாண்டுகளாக விடை தேடி வந்துள்ளனர். அவர்களது கருவி தூரிகை அன்று. செம்பு அல்லது துத்தநாகத் தகடு, ஊசி, அமிலம், அச்சு எந்திரம் ஆகியவையே. இரண்டாம் உலகப் போருக்குப் பின் உலகெங்கும் புத்துயிர் பெற்ற 'எட்சிங்' என்னும் அச்சோவியக் கலையின் இந்தியக் கிளை, பெருமளவு தலைநகரில்தான் வேரூன்றியது.

அமிலம் எழுதும் கோடு

எட்சிங் முறையை விளக்குவது எளிது, செய்வதுதான் கடினம். வழவழப்பாகத் தேய்க்கப்பட்ட செம்பு அல்லது துத்தநாகத் தகட்டின் மீது மெழுகு கலந்த பூச்சு ஒன்று தடவப்படுகிறது. அந்தப் பூச்சின் மீது ஊசியால் கோடு இழுத்தால், கோடு விழுந்த இடத்தில் மட்டும் உலோகம் வெளியே தெரியும். பின்னர் தகட்டை அமிலத்தில் மூழ்க வைக்கின்றனர். பூச்சு உள்ள இடத்தை அமிலம் தொடாது. கோடு உள்ள இடத்தை அரிக்கும். எவ்வளவு நேரம் மூழ்கியிருக்கிறதோ, அவ்வளவு ஆழம் கோட்டுக்கு உண்டாகும். அதன்பின் பூச்சைக் கழுவி, தகடு முழுவதும் மை தடவி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டால், பள்ளங்களில் மட்டும் மை தங்கும். ஈரமாக்கிய தாளை மேலே வைத்து உருளை எந்திரத்தில் அழுத்தும்போது, தாள் பள்ளத்துக்குள் இறங்கி மையை எடுத்துக்கொள்கிறது. எனவே எட்சிங் படத்தின் மீது விரலை வைத்தால் கோடு சற்றே புடைத்திருப்பதை உணரலாம்.

உலோகத்தில் எழுதிப் பாதுகாப்பது தமிழர்க்குப் புதிதன்று. சோழ மன்னன் முதலாம் இராசராசன் நாகப்பட்டினம் புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரை வழங்கியது, 'லெய்டன் செப்பேடு' என அறியப்படும் 21 செப்புத் தகடுகளில் பதிவாகியுள்ளது. கொடையாக அளிக்கப்பட்ட ஊரின் எல்லைகளும் அதில் விரிவாகக் குறிக்கப்பட்டுள்ளன. ஓலை செல்லரிக்கும், செம்பு நிற்கும் என்பதே அக்கால ஆவணக் காப்பின் அடிப்படை. செப்பேட்டில் உளி வெட்டியது. எட்சிங் தகட்டில் அமிலம் வெட்டுகிறது. செப்பேடு ஒருவரது நிலத்தை உறுதி செய்தது. நவீன ஓவியர்களின் தகடோ, பெரும்பாலும் கைவிட்டுப் போன நிலத்தையே பதிவு செய்தது.

போருக்குப் பிந்தைய பாரிஸ்

ஆங்கிலேய ஓவியரான ஸ்டான்லி வில்லியம் ஹேட்டர், 1927-இல் பாரிஸ் நகரில் ஓர் அச்சோவியக் கூடத்தைத் தொடங்கினார். பின்னர் அது இடம் மாறிய தெருவின் கதவிலக்கத்தைக் கொண்டு 'அத்தெலியே 17' என்று பெயர் பெற்றது. பிக்காசோ, மிரோ, ஷாகால் போன்றோர் அங்கு பணிபுரிந்துள்ளனர். போர் மூண்டதையடுத்து ஹேட்டர் 1940-இல் கூடத்தை நியூயார்க்குக்கு மாற்றினார். பிற்காலத்தில் அமெரிக்க அரூப ஓவியத்தின் முன்னோடியாகப் புகழ்பெற்ற ஜாக்சன் போலக், 1944-45-இல் அங்கேதான் உலோகத் தகட்டில் கோடிழுத்துப் பழகினார். 1950-இல் ஹேட்டர் மீண்டும் பாரிஸ் திரும்பினார்.

அதுவரை அச்சோவியம் என்றால், ஏற்கெனவே தீட்டப்பட்ட ஓர் ஓவியத்தைப் பல படிகள் எடுக்கும் தொழில் என்றே பலரும் எண்ணினர். ஹேட்டரின் கூடம் இந்த எண்ணத்தை மாற்றியது. தகட்டின் மீது என்ன வரப் போகிறது என்று முன்கூட்டியே தீர்மானிக்காமல், ஊசியும் அமிலமும் செல்லும் வழியில் சென்று உருவத்தைக் கண்டடைவது அங்கு பயிற்றுவிக்கப்பட்டது. கட்டடங்களும் குடும்பங்களும் சிதைந்து கிடந்த ஐரோப்பாவில், மனித உருவத்தைப் பழையபடி முழுமையாகத் தீட்ட முடியாது என்று கருதிய ஓவியர்களுக்கு, இந்த அரூப வழி ஏற்புடையதாக இருந்தது.

அக்கூடத்தில் 1950-களில் சேர்ந்து, பின்னர் அதன் இணை இயக்குநராகவே உயர்ந்தவர் ஒரு 'மதராசி'. சித்தூர் மாவட்டம் அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த காலத்தில், 1925-ஆம் ஆண்டு அங்குள்ள நந்தனூர் என்ற சிற்றூரில் பிறந்தவர் கிருஷ்ண ரெட்டி. சாந்திநிகேதனில் நந்தலால் போஸிடம் பயின்ற அவர், 1940-களின் பிற்பகுதியில் சென்னை கலாக்ஷேத்ராவில் கலைப் பிரிவை நடத்தினார். பின்னர் லண்டன் சென்று ஸ்லேட் கலைப் பள்ளியில் பயின்று, அங்கிருந்து பாரிஸ் சேர்ந்தார். விந்திய மலைக்குத் தெற்கே பிறந்த அனைவரையும் தில்லிவாசிகள் இன்றும் 'மதராசி' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகின்றனர். அந்தக் கணக்கில் மட்டுமன்றி, அன்றைய மாகாண எல்லைக் கணக்கிலும் கிருஷ்ண ரெட்டி மதராசியே.

அவரும், பம்பாயைச் சேர்ந்த கைகோ மோதியும், ஹேட்டரும் இணைந்து வளர்த்தெடுத்த முறை, மையின் பாகுத்தன்மையை அடிப்படையாகக் கொண்டது. அதுவரை பல வண்ண அச்சுக்கு வண்ணம் ஒன்றுக்குத் தகடு ஒன்று தேவைப்பட்டது. எண்ணெய் மிகுந்த மையின் மீது கெட்டியான மை ஒட்டாது என்பதை இவர்கள் பயன்படுத்திக்கொண்டனர். தகட்டைப் பல ஆழங்களில் அரித்து, எண்ணெய் மிகுந்த மையைக் கடினமான உருளையால் மேல்தளத்திலும், கெட்டியான மையை மென்மையான உருளையால் கீழ்த்தளத்திலும் பூசினால், ஒரே தகட்டில், ஒரே அழுத்தத்தில் பல வண்ணங்கள் கலக்காமல் தாளில் இறங்கும். சிற்பியாகவும் பயிற்சி பெற்றிருந்த கிருஷ்ண ரெட்டி, தகட்டையே சிற்பமாகக் கருதிக் குடைந்தார். 1968-இல் பாரிஸ் மாணவர் கிளர்ச்சியின்போது வீதியில் நின்றவர்களை, ஒளிக்கீற்றுகள் போன்ற நெடிய வடிவங்களாக அவர் பதித்த படம் பரவலாக அறியப்பட்டது. 1972-இல் அவருக்கு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 2018-ஆம் ஆண்டு நியூயார்க்கில் அவர் காலமானார்.

அகதிகளின் தலைநகரில்

இந்தியத் தலைநகரில் இக்கலை வேரூன்றிய பின்னணியும் இடப்பெயர்வுதான். 1947 பிரிவினையின்போது லாகூர் உள்ளிட்ட பகுதிகளிலிருந்து வந்த ஓவியர்கள் முன்னின்று, 1949-இல் 'தில்லி சில்பி சக்ரா' என்ற அமைப்பை நிறுவினர். அதில் ஒருவரான கன்வல் கிருஷ்ணா, பாரிஸ் சென்று ஹேட்டரின் கூடத்தில் பயின்று திரும்பி, தாமும் தம் மனைவி தேவயானி கிருஷ்ணாவும் தில்லியில் அச்சோவியங்களை உருவாக்கினர். மதராசி கேம்ப்பை அடுத்துள்ள ஜங்புரா எக்ஸ்டென்ஷன், லஜ்பத் நகர் ஆகிய குடியிருப்புகளும் பிரிவினை அகதிகளுக்காக அரசு உருவாக்கியவை என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. அன்று வந்தவர்களுக்கு மனை ஒதுக்கீடு கிடைத்தது. பின்னாளில் பிழைப்புத் தேடித் தெற்கிலிருந்து வந்தவர்களுக்கு ஓடைக்கரைதான் கிடைத்தது.

1958 முதல் 1967 வரை தில்லி கலைக் கல்லூரியின் கிராஃபிக் பிரிவை நடத்தியவர் சோம்நாத் ஹோர். இன்றைய வங்கதேசத்தில் உள்ள சிட்டகாங்கில் 1921-இல் பிறந்த அவர், 1943 வங்கப் பஞ்சத்தில் மடிந்தவர்களை நேரில் கண்டு வரைந்தவர். தேபாகா விவசாயிகள் போராட்டத்தைப் பதிவு செய்தவர். தில்லியில் எட்சிங் கற்பித்த ஆண்டுகளில் அவரது மனித உருவங்கள் படிப்படியாக மெலிந்து, கோடுகளாகவும் கீறல்களாகவும் குறைந்தன. சாந்திநிகேதன் சென்ற பின், 1970-களில் அவர் உருவாக்கிய 'காயங்கள்' வரிசையில் மையே இல்லை. களிமண்ணில் குத்தியும் கிழித்தும் உண்டாக்கிய வடுக்களை அச்சாக வார்த்து, அதில் காகிதக் கூழை இட்டு எடுத்த வெள்ளைத் தாள்கள் அவை. வெள்ளையின் மீது வெள்ளையாக, தோலில் ஏற்பட்ட புண்போல வடு மட்டும் தெரியும். யாருடைய காயம் என்று அதில் எழுதப்படவில்லை.

1968-இல் ஜக்மோகன் சோப்ரா 'குரூப் 8' என்ற அச்சோவியர் குழுவைத் தில்லியில் தொடங்கினார். அக்குழுவில் இடம்பெற்ற அனுபம் சூட், நாட்டின் முன்னணி எட்சிங் கலைஞர்களுள் ஒருவராக உயர்ந்தார். 1976-இல் லலித் கலா அகாதெமி, கிழக்குக் கைலாசப் பகுதியை ஒட்டிய கடி என்ற பழைய கோட்டைச் சுவர்க் கிராமத்தில் கலைஞர் கூடங்களை அமைத்தது. தனியாக எந்திரம் வாங்க இயலாத இளைஞர்கள் அங்குள்ள பொது அச்சு எந்திரத்தில் பணியாற்றத் தொடங்கினர். மதராசி கேம்ப் இருந்த இடத்துக்கும் கடிக்கும் இடையே உள்ள தொலைவு சில கிலோமீட்டர்தான்.

தமிழகத்துக்கும் இந்த வரலாற்றில் பங்கு உண்டு. 1954-இல் தொடங்கப்பட்ட லலித் கலா அகாதெமியின் முதல் தலைவர், சென்னை கலைப் பள்ளியின் முதல்வராக இருந்த தேவிபிரசாத் ராய் சௌத்ரி. தேவகோட்டையில் 1957-இல் பிறந்த ஆர்.எம். பழனியப்பன், சென்னை அரசு கலைக் கல்லூரியில் பயின்று, அச்சோவியத்தையே தமது முதன்மை மொழியாக்கிக்கொண்டார். அகாதெமியின் சென்னை மண்டல மையச் செயலராகவும் பணியாற்றினார். விமானம் பறக்கும் பாதை, எண்கள், அளவுக்குறிகள், முத்திரைகள் ஆகியவை கலந்த அவரது படங்கள், முதல் பார்வைக்கு அரசு அலுவலகக் கோப்பில் இருந்து எடுத்த வரைபடம்போலத் தோன்றும். ஒரு நிலத்தை அளப்பவர் எங்கிருந்து பார்க்கிறார் என்பதே அவற்றின் அடிநாதமான கேள்வி.

ஒன்பது கோடுகளில் ஒரு வாழ்க்கை

வீட்டைப் பற்றி இந்தியாவில் மிக அழுத்தமாகப் பேசிய அச்சோவியர் ஜரீனா ஹாஷ்மி. 1937-இல் அலிகரில் பிறந்து, அங்குள்ள பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்றவர். அவருடைய பெற்றோர் 1959-இல் பாகிஸ்தானின் கராச்சி நகருக்குச் சென்றுவிட்டனர். இந்திய வெளியுறவுப் பணி அதிகாரியை மணந்ததால் பல நாடுகளில் வாழ்ந்தார். 1960-களில் பாரிஸில் ஹேட்டரின் கூடத்தில் எட்சிங் பயின்றார். அங்கு கிருஷ்ண ரெட்டியும் பணிபுரிந்துவந்தார். பின்னர் சில ஆண்டுகள் தில்லியில் வசித்த அவர், 1970-களில் நியூயார்க் சென்று குடியேறினார்.

1994-இல் அவர் உருவாக்கிய ஓர் எட்சிங், அலிகரில் தாம் வளர்ந்த தந்தையின் வீட்டினுடைய தரைத்திட்ட வரைபடம். 1997-இல் வெளியிட்ட வரிசையில், திருமணத்துக்குப் பின் தாம் வாழ்ந்த வீடுகளை ஒன்பது எட்சிங் படங்களாகப் பதித்தார். பாங்காக், தில்லி, பாரிஸ், நியூயார்க் என நகரங்கள் மாறுகின்றன. சுவர் இருந்த இடத்தில் ஒரு கோடு; வாசல் இருந்த இடத்தில் ஓர் இடைவெளி. மனிதர்கள் இல்லை, பாத்திரம் பண்டங்கள் இல்லை, சன்னலுக்கு வெளியே தெரியும் காட்சியும் இல்லை. 1999-இல் அவர் உருவாக்கிய 36 மரச்செதுக்கு அச்சோவியங்களில், வீட்டோடு தொடர்புடைய ஒவ்வோர் உருதுச் சொல்லுக்கும் ஒரு வடிவம் உண்டு. 2001-இல் இந்திய-பாகிஸ்தான் எல்லைக் கோட்டைத் தனியே எடுத்து, கரிய வெட்டாக ஒரு தாளில் பதித்தார்.

2011 வெனிஸ் கலை விழாவில் இந்திய அரங்கில் இடம்பெற்ற கலைஞர்களுள் ஜரீனாவும் ஒருவர். 2020 தொடக்கத்தில் தில்லி கிரண் நாடார் கலை அருங்காட்சியகத்தில் அவரது படைப்புகள் பெருமளவில் காட்சிக்கு வைக்கப்பட்டன. அதே ஆண்டு ஏப்ரலில் அவர் லண்டனில் காலமானார்.

அரூபம் யாருக்கு?

ஓடைக்கரையில் குடிசை கட்டியவர்களுக்கும் அரூப ஓவியத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பது நியாயமே. வீட்டு வேலை, ஓட்டுநர் பணி, கூலி வேலை என அன்றாடம் உழைத்துப் பிழைத்த குடும்பங்களுக்குத் தேவை கூரையே தவிர, கலைக்கூடச் சுவரில் தொங்கும் தாள் அன்று. ஜரீனா அதிகாரியின் இல்லத்தரசியாக உலகம் சுற்றியவர். மதராசி கேம்ப்வாசிகள் விழுப்புரம், சேலம் போன்ற மாவட்டங்களிலிருந்து ரயிலேறி வந்தவர்கள். இருவரது இழப்பையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது பொருந்தாது.

ஆயினும், ஒரு வீட்டைக் கோடுகளாகவும் எண்களாகவும் சுருக்குவதை ஓவியர்கள் மட்டும் செய்வதில்லை. அரசும் அதைத்தான் செய்கிறது. கணக்கெடுப்பு அதிகாரி வீட்டுக் கதவில் ஓர் எண்ணை எழுதுகிறார். தில்லி அரசின் 2015 குடிசைப்பகுதி மறுவாழ்வுக் கொள்கையின்படி, 2015 ஜனவரி 1-க்கு முன் அங்கு வசித்ததற்கான ஆவணம் இருக்க வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். இவை பொருந்தினால் ஒரு பட்டியல், பொருந்தாவிட்டால் வேறொரு பட்டியல். அந்த வீட்டில் எந்தச் சுவரோரம் அடுப்பு இருந்தது, எந்த மூலையில் சாமி படம் இருந்தது, மழைநீர் ஏறும்போது பிள்ளைகளின் பாடப்புத்தகம் எந்தப் பரணுக்குப் போனது என்பதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது. அரசின் கோடு வீட்டிலிருந்து மனிதனை விலக்குகிறது. ஜரீனாவின் கோட்டிலும் மனிதன் இல்லைதான். ஆனால் அங்கு வாழ்ந்தவரே தம் நினைவிலிருந்து இழுத்த கோடு அது. வாசல் எந்தத் திசையில் இருந்தது என்பது அவருக்குத் தெரியும்.

இந்த வேறுபாடு நடைமுறையிலும் பொருளுடையது. பட்டா இல்லாத ஒரு குடியிருப்பு இடிக்கப்பட்ட பின், அது இருந்ததற்கு எஞ்சும் சான்று பெரும்பாலும் அதை இடிக்கச் சொன்ன உத்தரவும், இடிப்பதற்காக எடுத்த கணக்கெடுப்பும்தான். தெருக்கள் எப்படி ஓடின, எந்த வீட்டை ஒட்டி எந்த வீடு இருந்தது என்பதெல்லாம், வாழ்ந்தவர்களின் நினைவில் மட்டுமே இருக்கும். அந்த நினைவும் இப்போது நரேலாவிலும், தில்லியின் வேறு வாடகைப் பகுதிகளிலும், தமிழகத்திலுமாகச் சிதறியுள்ளது. தமிழகம் திரும்ப விரும்புவோருக்கு உதவுவதாகத் தமிழக அரசு 2025 ஜூனில் அறிவித்தது. எங்கு சென்றாலும், ஒரு தலைமுறை கடந்தால் 'மதராசி கேம்ப்' என்பது வெறும் பெயராகிவிடும்.

செய்யக் கூடியது என்ன?

இழந்த கூரைக்கு ஈடாக எந்த ஓவியத்தையும் தர முடியாது. மறுவாழ்வுப் பட்டியலில் விடுபட்டவர்களுக்கு வீடு, நரேலாவில் குடியேறியவர்களுக்குப் பள்ளியும் பேருந்தும் என்பவையே முதற்கடமை. தலைநகரில் ஏழு பள்ளிகளை நடத்திவரும் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுள் எதுவும் நரேலாவில் இல்லை; தமிழ் வழியாகவோ தமிழைப் பாடமாகவோ படித்துவந்த பிள்ளைகளுக்கு 40 கி.மீ. என்பது கல்வியை நிறுத்திவிடக் கூடிய தொலைவு.

இவற்றுக்கு அடுத்தபடியாக, அதிகச் செலவில்லாமல் செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. கடியில் அச்சு எந்திரம் இருக்கிறது. தகடு அரிக்கத் தெரிந்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள். மக்கள் வரிப்பணத்தில் இயங்கும் அகாதெமிக்கு, மத்திய கலாசார அமைச்சகத்தின் நிதி உதவி இருக்கிறது. மதராசி கேம்ப்பில் வாழ்ந்த பெரியவர்களையும் பிள்ளைகளையும் சில நாள்கள் அழைத்து, ஒவ்வொருவரும் தம் வீட்டின் தரைத்திட்டத்தைத் தாமே ஒரு சிறு தகட்டில் வரையச் செய்யலாம். ஓவியப் பயிற்சி அதற்குத் தேவையில்லை. வாசலில் நாள்தோறும் புள்ளி வைத்துக் கோலமிட்டுப் பழகிய கைகளுக்குக் கோடு புதிதன்று. ஏறத்தாழ 370 வீடுகளுக்கு ஏறத்தாழ 370 சிறு தகடுகள். எட்சிங் என்பது ஒரே தகட்டிலிருந்து பல படிகள் எடுக்கும் கலை என்பதால், ஒரு படி அந்தக் குடும்பத்துக்கு, ஒரு படி ஆவணக் காப்பகத்துக்கு, ஒரு படி தில்லித் தமிழ்ச் சங்கம் போன்ற அமைப்புக்கு எனப் பகிர்ந்தளிக்கவும் இயலும்.

சுவரும் கதவும் ஓடைக்கரையிலிருந்து அகற்றப்பட்டுவிட்டன. அவை எங்கு இருந்தன என்று சொல்லக்கூடியவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். ஆனைமங்கலத்தின் எல்லையைச் செம்பில் எழுதி வைத்தவர்கள், அந்த ஊரை அறிந்தவர்கள் உடனிருக்கும்போதே அதைச் செய்தனர். மதராசி கேம்ப்புக்கும் அதற்கான காலம் இன்னும் கடந்துவிடவில்லை.